பிள்ளை படிக்கும் பாடத்தைப் பெற்றோர் அறிவாரா?

தஞ்சைத் தரணியின் உழவர் வீட்டில் வயலைப் பற்றி எதைக் கேட்டாலும் தெளிவான விடை கிடைக்கும். ஆடுதுறை 36 எத்தனை நாளில் அறுவடைக்கு வரும், சி.ஆர். 1009 எத்தனை நாள் வயலில் நிற்கும், எந்த மண்ணுக்கு எது ஏற்றது என்பதைத் தகப்பனார் மட்டுமல்ல, தாயாரும் சொல்லிவிடுவார். ஆனால் அதே வீட்டில், "மகன் கல்லூரியில் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் படிக்கிறான், சாமி" என்பதோடு விடை நின்றுவிடுகின்றது. நிலத்தை ஒத்திக்கு வைத்தும் நகையை அடகு வைத்தும் கட்டணம் செலுத்துகின்ற பெற்றோர், அந்தப் பணம் எந்த விதையாக மாறி எந்த வயலில் விழுகின்றது என்பதை அறியாதிருப்பது முறையாகுமா?

இந்த மாதம் அந்தப் படிப்பினுள் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'ஆபரேட்டிங் சிஸ்டம்'. பள்ளிப் பாடநூல் அதனை 'இயக்க அமைப்பு' என்கின்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் கணிப்பொறி அறிவியல் மாணவர்க்கு நான்காம் பருவத்தில் இது வைக்கப்பட்டது. உடன் ஒரு செய்முறைப் பயிற்சியும் உண்டு. கலைக் கல்லூரிகளில் பி.சி.ஏ. படிப்போருக்கும் இப்பாடம் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்க வருகின்ற நிறுவனத்தார் நேர்முகத்தில் தவறாமல் தொடுகின்ற பாடங்களுள் இதுவும் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரையில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளைகள் சிலர் முதன்முதலாகத் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்கு இது பழக்கமில்லாத துறை. ஆயினும், பங்கின் இளைஞர் சிலர் இப்பாடத்தில் இடர்ப்படுவதைக் கண்டு, அவர்களோடு அமர்ந்து விரிவுரைகளை வரிசையாகக் கேட்டோம். அவற்றால் நாம் தெரிந்துகொண்டவற்றைப் பெற்றோராகிய உங்களுக்கு உங்கள் மொழியிலேயே சொல்ல விழைகின்றோம்.

பங்கிடும் கலை

கணிப்பொறி நம் நாட்டுக் கல்விக்கூடங்களுக்கு வந்த காலத்தில் அது அருமையிலும் அருமையான பொருளாயிருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இலும், சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரிய இயந்திரமாக 1973-இலும் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணிப்பொறிகள் வந்தன. மாணவன் தன் கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கட்டாகக் கொடுத்துவிட்டு, தன் முறை வரும்வரை காத்திருப்பான். ஓர் எழுத்துப் பிழையிருந்தாலும் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பொறி ஒன்று, வேலையோ பல. இவற்றை எப்படிப் பங்கிடுவது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இயக்க அமைப்பு என்னும் பாடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961-இல் ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். ஒவ்வொருவர் வேலைக்கும் மிகச் சிறிய நேரத்தை ஒதுக்கி, மாறி மாறிச் செய்தால், ஒவ்வொருவருக்கும் பொறி தமக்கே உரியது போலத் தோன்றும். இன்று உங்கள் கைப்பேசியில் பாட்டும் ஒலிக்கிறது, செய்தியும் வருகிறது, வங்கிக் கணக்கும் திறக்கிறது என்றால், உள்ளே அதே பங்கீடு நடந்துகொண்டிருக்கின்றது.

காவிரிப் பாசனத்தில் வாழ்வோருக்கு இதனை விளங்கவைப்பது கடினமன்று. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் என்ன செய்கின்றனர்? கல்லணையிலிருந்து காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள், கல்லணைக் கால்வாய்க்குச் சில நாள் என்று முறை வைத்துத் திறக்கின்றனர். முறை முடிந்ததும் ஷட்டரை இறக்க வேண்டும். அடுத்த முறை எவருடையது, எத்தனை நாள், எவ்வளவு நீர் என்ற கணக்கு ஒருவரிடம் இருக்க வேண்டும். கணிப்பொறிக்குள் இயக்க அமைப்பு செய்வது இதுவே. மதகில் நிற்கின்ற லஸ்கர் எந்த வயலிலும் நாற்று நடுவதில்லை. ஆனால் அவரில்லையேல் நட்டவன் பிழைக்க முடியாது.

யாருக்கு முதலில்?

முறை வைப்பது என்றவுடன் 'வந்தவருக்கு முதலில்' என்பதே நியாயம் என்று தோன்றும். ஓர் அரிசி ஆலையைக் கருதிப் பாருங்கள். முதலில் வந்தவர் வண்டி நிறைய நெல் கொண்டு வந்துள்ளார். அவருக்கு அறுபது நிமிடம் ஆகும். அவர் பின்னால் இருவர் தலைக்கு ஒரு மூட்டையோடு நிற்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் போதும். வந்த வரிசையில் அரைத்தால், முதல்வர் காத்திருக்கவில்லை. இரண்டாமவர் அறுபது நிமிடமும் மூன்றாமவர் அறுபத்தைந்து நிமிடமும் காத்திருப்பர். சராசரி ஏறக்குறைய நாற்பத்திரண்டு நிமிடம். சிறு வேலையை முதலில் முடித்தாலோ, ஒருவர் காத்திருப்பதில்லை, ஒருவர் ஐந்து நிமிடம், வண்டிக்காரர் பத்து நிமிடம். சராசரி ஐந்தே நிமிடம்.

மிக நல்லது என்று இதையே சட்டமாக்கிவிடலாமா? ஒரு மூட்டைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்துகொண்டேயிருந்தால் வண்டிக்காரரின் முறை வரவே வராது. இந்த நிலைக்குக் கணிப்பொறி நூலார் வைத்த பெயர் 'பட்டினி' என்பதாகும். தலைமடையில் நீர் நிற்கத் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் பயிர் வாடுவதைக் கண்டவர்களுக்கு அச்சொல்லின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்நூலார் கண்ட மருந்தும் எளியது: காத்திருக்கக் காத்திருக்க ஒருவரின் உரிமையை உயர்த்திக்கொண்டே வருவது. எவ்வளவு எளிய வேலையாயினும், நெடுநேரம் காத்திருந்தால் ஒருநாள் அது வரிசையின் முன்னால் வந்தே தீரும்.

ஒரு பேரேடு, இரண்டு பேனா

அடுத்து வருவது இப்பாடத்தின் கடினமான பகுதி. நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரே பேரேட்டில் இருவர் கணக்கு எழுதுவதாகக் கொள்வோம். இதுவரை வந்தது 500 மூட்டை. ஒருவர் 40 மூட்டை இறக்குகின்றார். மற்றொருவர் 60 இறக்குகின்றார். இருவரும் ஒரே கணத்தில் பேரேட்டைப் பார்த்து '500' என்று மனத்தில் கொள்கின்றனர். முதலாமவர் கூட்டி 540 என எழுதுகின்றார். இரண்டாமவர் தம் மனத்திலுள்ள 500-ஓடு 60-ஐக் கூட்டி, முன்னதை அடித்துவிட்டு 560 என எழுதுகின்றார். இருக்க வேண்டியதோ 600. நாற்பது மூட்டை காணாமற்போயிற்று, களவாடியவர் எவருமில்லை, கூட்டலில் பிழையும் இல்லை.

கணிப்பொறிக்குள் இத்தகைய பிழை எப்போதாவது ஒருமுறை தோன்றி மறையும். நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் சரியாயிருந்து, நூற்றோராம் முறை வங்கிக் கணக்கைக் கெடுக்கும். ஒருவர் எழுதி முடிக்கும் வரையில் மற்றவர் பேரேட்டைத் தொடாதபடி பூட்டு வைப்பதே பரிகாரம்.

பூட்டிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு விவசாயியிடம் டீசல் எஞ்சின் இருக்கின்றது. பக்கத்து வயல்காரரிடம் குழாய் இருக்கின்றது. "குழாயைக் கொடுத்தால் நீர் இறைத்துவிட்டு இரண்டையும் தருகிறேன்" என்கிறார் ஒருவர். "முதலில் எஞ்சினைக் கொடும்" என்கிறார் மற்றவர். இருவரும் கைப்பொருளை விடாமல் காத்திருக்கின்றனர். இரண்டு வயலும் காய்கின்றன. இதனை 'டெட்லாக்' என்பர். 1971-இல் காஃப்மன் முதலிய மூவர் இதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்துக் காட்டினர்: பொருளை ஒரு வேளையில் ஒருவரே பயன்படுத்த முடிதல், கையில் ஒன்றை வைத்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருத்தல், பிடுங்கிக் கொடுக்க யாரும் இல்லாமை, காத்திருப்போர் வட்டமாக அமைதல். நான்கில் ஒன்றை உடைத்தாலும் முடிச்சு அவிழும். இரண்டு குடும்பங்கள் வரப்புத் தகராறில் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருப்பதைத் தீர்க்க முனைந்தவர்கள் இந்நான்கையும் சிந்திக்கலாம்.

நினைவக மேலாண்மை என்பது மற்றொரு பகுதி. சமையலறை டின்னில் இரண்டு படி அரிசி, மீதி பத்தாயத்தில். டின் தீர்ந்தால் மட்டும் பத்தாயத்துக்குப் போகின்றோம். கணிப்பொறியிலும் விரைவான சிறு நினைவகம் ஒன்றும், மெதுவான பெருஞ்சேமிப்பு ஒன்றும் உண்டு. எதை எப்போது டின்னில் வைப்பது என்பதே கேள்வி. டின் மிகச் சிறியதானால், சமைக்க நேரமின்றி நாள் முழுதும் பத்தாயத்துக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான். பழைய கைப்பேசி பல வேலைகளை ஒருங்கே கொடுத்தால் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் தடுக்கி விழுகின்றனர்?

இவ்வளவுதானே, இதில் தோற்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்பீர்கள். நாமும் அதையே எண்ணிப் பார்த்தோம்.

நமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் தமிழ் வழியில் படித்தவர். இந்தப் பாடத்தை இருமுறை எழுதியும் தேறவில்லை. வீட்டாருக்கு அது தெரியாது. அவர் குறிப்பேட்டைப் பார்த்தோம்: டெட்லாக் என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்து வரி விளக்கம் அழகிய கையெழுத்தில் இருந்தது, ஒப்பிக்கவும் செய்தார். எஞ்சினையும் குழாயையும் சொல்லி, "இதில் எந்த நிபந்தனையை உடைப்பாய்?" என்று கேட்டபோது திகைத்தார். கேள்வியை மாற்றினால் மனப்பாடம் கைவிட்டுவிடுகின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

மொழியும் ஒரு தடை. 2018-இல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இயக்க அமைப்பின் அடிப்படைகள் நல்ல தமிழிலேயே உள்ளன. கல்லூரியில் நுழைந்ததும் அத்தனையும் ஆங்கிலமாகிவிட, பிள்ளை பொருளை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்கின்றது. ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது வேண்டும். ஆனால் முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் அது நிலைக்கும்.

தேர்வுக்கும் சிந்தனைக்கும் பகை இல்லை என்பதற்கு இப்பாடத்திலேயே சான்று உண்டு. ஹாலந்து நாட்டின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இல் தம் மாணவர்க்கு ஒரு தேர்வு வினா வைத்தார். சில கணிப்பொறிகள் நாடாச் சாதனங்களுக்குப் போட்டியிடுவதாக அமைந்த வினா அது. பின்னர் டோனி ஹோர் அதற்கு இன்றுள்ள வடிவம் கொடுத்தார்: வட்ட மேசையில் ஐந்து தத்துவஞானிகள், ஐந்து முட்கரண்டிகள், உண்பதற்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு வேண்டும். எல்லாரும் இடக்கை முட்கரண்டியை முதலில் எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் பட்டினியே. உலகெங்கும் கணிப்பொறி மாணவர்கள் இன்றும் இந்தக் கணக்கைச் செய்கின்றனர். தத்துவம் பயின்ற நாமும் அந்த மேசையில் சிறிது நேரம் அமர்ந்து பார்த்தோம்.

மாணவரால் வளர்ந்த பாடம்

பிற நாடுகளில் இப்பாடம் எவ்வாறு கற்கப்பட்டது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைத் தொடங்கினர். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர், அதன் கருவின் நிரலை அச்சிட்டு, வரிக்கு வரி விளக்கம் எழுதி, 1976-இல் தம் மாணவர்க்குப் பாடமாக வைத்தார். பிறகு வந்த பதிப்பின் உரிம விதிகள் நிரலை வகுப்பில் கற்பிக்கத் தடை செய்தன. ஆம்ஸ்டர்டாமின் ஆண்ட்ரூ டானன்பாம் சோர்ந்துவிடாமல், மாணவர் படிப்பதற்கென்றே மினிக்ஸ் என்ற சிறிய அமைப்பைத் தாமே எழுதி 1987-இல் நூலோடு வெளியிட்டார். அந்த நூலைப் படித்த ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் தம் இருபத்தொன்றாம் வயதில், தாம் எழுதிவரும் ஒன்றைப் பிறர்க்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் உள்ளும் லினக்ஸின் கருவே இயங்குகின்றது. மழை வருமா என்று நம் உழவர் பார்க்கும் கைப்பேசியும் அவற்றுள் ஒன்று.

இவர்கள் அனைவரும் செய்தது ஒன்றே: பொறியைத் திறந்து பார்த்தனர், பிறர் எழுதியதை வரிவரியாகப் படித்தனர், தாமும் எழுதிப் பார்த்தனர்.

நம் பிள்ளைகள் செய்யக் கூடியது

நம் பகுதியில் இதற்கு வழியுண்டா? உண்டு. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் காணலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் செஸ்டர் ரெபைரோ நடத்திய இயக்க அமைப்பு அறிமுகப் பாடம் அதில் உள்ளது. எக்ஸ்.வி.6 என்னும் சிறிய அமைப்பை அவர் கையாள்கின்றார். எம்.ஐ.டி.யில் 2006-இல் கற்பித்தலுக்கென்றே எழுதப்பட்ட அது பழைய யூனிக்ஸைப் பின்பற்றியது. லினக்ஸின் நிரல் கோடிக்கணக்கான வரிகள், எக்ஸ்.வி.6-இன் நிரலோ பொறுமையுள்ள மாணவர் ஒரு பருவத்தில் படித்து முடிக்கத்தக்கது.

பெரிய பொறி எதுவும் தேவையில்லை. லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பது; பழைய மடிக்கணினியிலும் ஓடும். தமிழக அரசு 2011-இல் தொடங்கி மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனையோ வீடுகளில் அது திறந்து பார்க்கப்படாமலே கிடந்தது.

முதற் பயிற்சியாக ஒன்றைச் சொல்லுவோம். ஒரே எண்ணை இரண்டு இழைகள் தலைக்குப் பத்து இலட்சம் முறை ஒவ்வொன்றாகக் கூட்டும்படி பூட்டில்லாமல் ஒரு சிறு நிரல் எழுதச் சொல்லுங்கள். இருபது இலட்சம் வர வேண்டும், பெரும்பாலும் வராது. ஓட்டுந்தோறும் வேறு வேறு எண் வரும். பேரேட்டில் காணாமற்போன நாற்பது மூட்டையை அங்கே கண்ணால் காணலாம். பிறகு பூட்டை வைத்து ஓட்டினால் சரியான எண் வரும். இதை ஒருமுறை செய்தவர் தேர்வில் அந்த வினாவைக் கண்டு அஞ்சமாட்டார்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் இந்த நிரல் ஒரு நொடியில் வந்துவிடும். புரியாத இடத்தை விளக்கச் சொல்லிக் கேட்பதற்கு அது நல்ல துணை. ஆனால் செய்முறைப் பயிற்சி முழுவதையும் அதனிடமிருந்து படியெடுத்து ஒப்படைப்பவர், பக்கத்து வயலில் விளைந்ததைக் காட்டித் தம் வயலும் விளைந்தது என்பவரை ஒத்தவர்.

பெற்றோர் செய்யக் கூடியது

அன்பார்ந்த பெற்றோரே, பாடத்தை நீங்கள் கற்பிக்க வேண்டியதில்லை. விடுமுறையில் வரும் பிள்ளையிடம், "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "இந்த வாரம் எதைச் செய்து பார்த்தாய்? எனக்கு விளங்கும்படி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குத் தமிழில் விளக்க முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் விளங்கிற்று என்று பொருள். விளங்காவிட்டால், "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லு" என்று சொல்லத் தயங்க வேண்டாம். அந்த இரண்டாம் முறையில்தான் அதற்கே புரியத் தொடங்கும்.

அரியர் விழுந்ததைச் சொன்னால் வீட்டில் என்ன நடக்குமோ என்று அஞ்சிப் பிள்ளைகள் மறைக்கின்றனர். மறைத்த அரியர் பருவந்தோறும் சேர்ந்து, கடைசி ஆண்டில் பெருஞ்சுமையாகின்றது. ஒரு போகம் பொய்த்தால் நிலத்தை விற்றுவிடுகின்றோமா? மண்ணைப் பார்க்கின்றோம், விதையைப் பார்க்கின்றோம், நீரைப் பார்க்கின்றோம். அடுத்த போகத்துக்கு உழுகின்றோம். அதே பொறுமை பிள்ளையின் தோல்விக்கும் வேண்டும். முன்னே சொன்ன மாணவர் தம் தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். தாயார் அழுதார், ஆயினும் ஏசவில்லை. மூன்றாம் முறைக்கு இப்போது ஆயத்தமாகி வருகின்றார். சென்ற வாரம் ரெபைரோவின் விரிவுரை ஒன்றைக் கேட்டு முடித்ததும், எஞ்சின்-குழாய்த் தகராறைத் தாயாருக்கு விளக்கினாராம். "யாராவது ஒருத்தர் முதல்ல கையிலிருப்பதைக் கொடுத்துட்டாப் போச்சு, இதுக்கு ஒரு படிப்பா?" என்றாராம் அந்த அம்மாள்.

நான்கு நிபந்தனைகளுள் இரண்டாவதை அவர் உடைத்துவிட்டார். தேர்வில் அவ்விடையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அது ஒன்றே மகனுக்கு மிச்சமுள்ள வேலை.